இடதுபக்கக் குழாயில் இருந்த குளவிக்கூடு

திருவண்ணாமலை மாவட்டம், ஜமுனாமரத்தூர் காவல் நிலையத்தில் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் தேதி காலை 10.40 மணிக்குத் துணை ஆய்வாளர் திருமதி சிவசங்கரி முன்பாக நேரில் ஆஜராகிக் கொடுக்கும் வாக்குமூலம்.

என் பெயர் அருணகிரி. வயது 54. தகப்பனார் பெயர் சேட்டு, காலமாகிவிட்டார். ஜமுனாமரத்தூர் வட்டம் புளியங்கொட்டாய் கிராமத்தில் என் மனைவி மங்கம்மாளுடன் வசித்து வருகிறேன். எனக்கு ஒரே மகள், பெயர் ரேணுகாதேவி. மருமகன் சின்னராஜ் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறார். எனக்கு இரண்டு ஏக்கர் சாமை நிலமும் ஒன்பது புளியமரமும் உண்டு. இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் கிடையாது.

கெலோவா தீவுக் குடியரசின் ராணுவ விசாரணை மன்றம் என்னிடம் ஏழு கேள்விகள் கேட்டு டெல்லி வழியாக அனுப்பிய கடிதம் கடந்த ஜூன் மாதம் இந்த நிலையத்துக்கு வந்தது. அதன் பேரில் என்னை இரண்டு முறை அழைத்தார்கள். இரண்டு முறையும் உடம்பு சரியில்லை என்று சொல்லி நான் வரவில்லை. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இன்று மூன்றாம் முறை யாரும் அழைக்காமல் நானாக வந்திருக்கிறேன்.

நான் 1990-ஆம் ஆண்டு, என் பத்தொன்பதாம் வயதில் இந்திய விமானப்படையில் சேர்ந்தேன். விமானத்தின் உடல் பாகங்களைப் பராமரிக்கும் பிரிவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்து, சார்ஜெண்டாக ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல் சரக்கு விமானங்களில்தான் கழிந்தது. அதன் பிறகு ஏழு ஆண்டுகள் ஊரில் இருந்து விவசாயம் பார்த்தேன். 2017-ஆம் ஆண்டு ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனம் என்னைக் கெலோவா நாட்டு விமானப்படைக்கு மூத்த மெக்கானிக்காக அனுப்பியது. போளூரைச் சேர்ந்த புருஷோத்தமன் என்ற எலக்ட்ரீஷியன் என்னுடன் வந்தார். இந்தியர் என்று நாங்கள் இரண்டு பேர்தான்.

கெலோவா என்பது இந்தியப் பெருங்கடலில் பதினொரு தீவுகள் சேர்ந்த நாடு. திருவண்ணாமலை தீபத்துக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே ஜனம் கிடையாது. அந்த விமானப்படையில் சண்டை விமானம் ஒன்றும் இல்லை. இரட்டை எஞ்சின் சரக்கு விமானம் மூன்று, அவ்வளவுதான் படை. அரிசி மூட்டை, தடுப்பூசிப் பெட்டி, பரீட்சைத் தாள், வலி எடுத்த பெண், ஓட்டுப் பெட்டி, சவப்பெட்டி எல்லாம் அதில்தான் தீவுக்குத் தீவு போக வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு நாட்டுக்கு விமானப்படை எதற்கு என்று கேட்பவர்களை அங்கே ஒரு மழைக்காலம் கொண்டுபோய் விட வேண்டும்.

மூன்று விமானம் இருந்தால் இரண்டுதான் பறக்கும். உதிரிப் பாகம் கேட்டு எழுதினால் கப்பலில் வந்து சேர நாலு மாதமோ ஆறு மாதமோ ஆகும். அதுவரை பறக்கிற விமானத்தில் எது பழுதானாலும் மூன்றாவதிலிருந்து கழற்றிப் போடுவோம். ஒரே பம்புசெட்டை மூன்று கிணற்றுக்கு மாற்றி மாற்றி வைத்து ஓட்டுகிற விவசாயிக்கு இது விளங்கும். உரிமையோடு போய் எதை வேண்டுமானாலும் எடுத்துவரலாம் என்பதால் அந்த மூன்றாவது விமானத்துக்கு நான் ‘மாமியார் வூடு’ என்று பெயர் வைத்திருந்தேன். காவல் நிலையத்தில் அதற்கு வேறு அர்த்தம் உண்டே என்று துணை ஆய்வாளர் கேட்டார். இருந்தாலும் அதுதான் பெயர், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். தாள்களில் அதன் பெயர் டி-3.

எங்கள் தொழிலில் எழுதாதது நடக்காதது. ஒரு திருகைக் கழற்றி மாட்டினாலும் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் நான் ஒப்பந்த ஆள், அந்த நாட்டு ராணுவத்தான் அல்ல. விமானம் பறக்கத் தகுதியானது என்ற தாளில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்குக் கிடையாது. வேலை சொல்வது நான், செய்வது நானும் அவர்களும், கையெழுத்து அவர்களுடையது. எட்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

கையெழுத்துப் போட்டவர் கார்ப்பரல் லோமா தவேரா. வயது 34. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. நான் போனபோது ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆட்கள் நடுவில் அவர் ஒருவர்தான் கேள்வி கேட்டார், கேட்டதை மறுநாள் செய்து காட்டினார். இந்தியாவில் பெரிய பெரிய தளங்களில் வேலை பார்த்திருக்கிறேன், அவரைப்போல் சுத்தமான கை நாலைந்து பேருக்குத்தான் இருந்தது. நான் ஒரு வேலையை முடிந்தது என்று சொன்னால் அவர் திரும்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். நானும் அவர் வேலையைத் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த விமானங்களின் மூக்குக்குக் கீழே இடதுபக்கம் ஒன்றும் வலதுபக்கம் ஒன்றுமாக இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் நுழையாத துளை. விமானம் ஓடும்போது எதிர்க்காற்று அதற்குள் புகுந்து அழுத்துவதை வைத்துத்தான் விமானியின் முன்னால் இருக்கும் வேகமுள் நகரும். இடது குழாய் கேப்டனின் முள்ளுக்கு, வலது குழாய் துணை விமானியின் முள்ளுக்கு. துளை அடைபட்டால் விமானம் என்ன வேகத்தில் ஓடினாலும் முள் பூஜ்யத்திலேயே நிற்கும். ஆகவே தரையில் நிற்கும்போது சிவப்புத் துணி உறை போட்டு மூடிவைக்க வேண்டும். கடந்த டிசம்பரில் டி-1 விமானத்தின் உறை கிழிந்து போனது. புதியது வரும் வரைக்கும் என்று டி-3-இன் இடதுபக்க உறையைக் கழற்றி நான்தான் டி-1-க்குப் போட்டேன். அதைப் புத்தகத்தில் எழுதவில்லை. நிற்கிற விமானம்தானே என்ற எண்ணம்.

2025 ஜனவரி 6-ஆம் தேதி மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் டி-3-இன் இறக்கை நிழலில் படுத்திருந்தேன். அப்போது ஒரு குளவி வாயில் செம்மண் உருண்டையோடு வந்து இடது குழாயின் துளைக்குள் நுழைந்தது. பிறகு வெளியே போய் இன்னொரு உருண்டை கொண்டு வந்தது. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய் ஒரு கம்பியை விட்டுத் தட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. எங்கள் பயிற்சியில் முதல் மாதமே சொல்லித்தருகிற விஷயம் அது. நான் தட்டவில்லை.

அதற்குக் காரணம் என் மகள். அவளுக்கு இப்போது வயது 29, கல்யாணமாகி ஏழு ஆண்டு. இரண்டு முறை தரித்து இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கும் அவள் போவதில்லை. வளைகாப்பு வீடுகளில் தட்டை அவளைத் தாண்டி அடுத்தவளுக்கு நீட்டுவார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை தங்கும் என்பது நம்பிக்கை. செம்மண்ணில் கட்டினால் பெண், கருமண்ணில் கட்டினால் ஆண். குளவி தானாகப் பறந்து போகும் வரை அந்தக் கூட்டை யாரும் உடைக்க மாட்டார்கள்.

அன்று மாலை என் மனைவியிடம் போனில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். ஏரோப்ளேனில் கட்டினால் அது எந்தக் கணக்கில் சேரும், அது வீடா என்று நானே கிண்டலாகக் கேட்டேன். அதற்கு அவள், “மாமியார் வூடுன்னு நீதான பேரு வெச்ச? வூடுன்னா வூடுதான். கைய வெச்சிடாத” என்றாள். இருவரும் சிரித்தோம். சிரித்தாலும் நான் கை வைக்கவில்லை.

அதன் பிறகு இரண்டொரு நாளில் லோமா தவேராவும் அதைப் பார்த்துவிட்டு ஒரு கம்பியோடு வந்தார். நான் தடுத்துக் காரணத்தைச் சொன்னேன். இங்கிலீஷில் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, விமானம்தான் பறக்கவில்லையே, இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறை மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்.

ஜனவரி 25-ஆம் தேதி, மகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, பரிசோதனையில் உறுதியாகிவிட்டது என்று வீட்டிலிருந்து போன் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை. லோமா தவேராவைக் கூட்டிப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அன்று முதல் அந்தக் குழாயைத் தாண்டும்போதெல்லாம் குனிந்து கூடு இருக்கிறதா என்று பார்த்தேன். அது வரைக்கும் பாதி விளையாட்டு. அதற்குப் பிறகு விளையாட்டு இல்லை.

பிப்ரவரி 9-ஆம் தேதி வடக்குத் தீவுகளில் புயல் அடித்தது. டி-1 பெரிய பராமரிப்புக்காக வெளிநாட்டில் இருந்தது. டி-2 மறுநாள் அங்கே நிவாரணம் இறக்கப் போனபோது ஓடுபாதையில் கிடந்த கல் தெறித்து இடதுபக்க விசிறி அடிபட்டுத் திரும்பியது. குடிதண்ணீர் இல்லாமல் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். டி-3-ஐ மூன்று நாளில் பறக்க வைக்க முடியுமா என்று தளபதி என்னை அழைத்துக் கேட்டார். முடியும் என்றேன். டி-3-இலிருந்து டி-2 வாங்கிப் போயிருந்ததையெல்லாம் டி-2-இலிருந்தே திரும்பக் கழற்றினோம். நானும் லோமா தவேராவும் இன்னும் ஆறு பேரும் மூன்று நாளும் விமானக் கொட்டகையான ஹாங்கரிலேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கினோம். பொய் சொல்லாமல் சொன்னால் என் வாழ்க்கையில் நான் பார்த்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான். இறந்துபோனது என்று எல்லாரும் கைவிட்ட விமானத்தின் இரண்டு எஞ்சினும் 12-ஆம் தேதி மாலை முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டன.

அந்த மூன்று நாளும் இடது குழாயைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு யோசனை செய்தேன். கூட்டை உடைக்க வேண்டாம், குழாயையே முழுசாகக் கழற்றி என் பெட்டியில் வைத்துவிடுவது, ஸ்டோரில் இருக்கும் மாற்றுக் குழாயைப் பொருத்துவது. நாற்பது நிமிட வேலை. விமானமும் பறக்கும், கூடும் இருக்கும்.

13-ஆம் தேதி காலை எட்டு மணிக்குள், பறக்கத் தகுதியானது என்ற தாளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். புறப்பாடு பத்தரைக்கு. லோமா தவேரா ஒவ்வொன்றாகப் பார்த்து வந்து இடது குழாய்க்கு வந்தபோது, அதை விட்டுவிடுங்கள், புதுக் குழாய் கொண்டுவந்து நானே மாற்றிவிடுகிறேன், நீங்கள் தாளை முடித்துக் கொடுங்கள் என்றேன். செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும், அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவர் ஒரு நொடி யோசித்தார். நான் சொன்னேன் என்பதால் போட்டார்.

அதன் பிறகு நான் ஸ்டோருக்குப் போய் மாற்றுக் குழாயை வாங்கிக்கொண்டு வரும்போது மணி எட்டே முக்கால் இருக்கும். அப்போது மருமகன் சின்னராஜிடமிருந்து போன் வந்தது. இங்கே அப்போது காலை ஆறே முக்கால். “மாமா, ரேணுகாவுக்கு ரத்தம் போவுது. ஜீப்புல ஏத்திக்கினு கீழ எறங்கறோம்” என்றார். சிக்னல் கிடைக்கும் என்று நான் ஹாங்கருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் லைன் அறுந்து அறுந்து வந்தது. என் மகள் அழுகிற சத்தம் ஒரு வளைவில் கேட்கும், அடுத்த வளைவில் கேட்காது. பிறகு என் மனைவி போனை வாங்கினாள்.

அவள் முதலில் கேட்டது, “அத்த எடுத்துட்டியா?” என்பதுதான். கூட்டைத்தான் கேட்டாள். இன்னும் எடுக்கவில்லை என்றேன். “இன்னிக்கு ஒரு நாளு வுட்டுடு. ஒரே ஒரு நாளு” என்றாள். அந்த விமானம் அன்று பறக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. ஆகவே இதில் என் மனைவி மீது குற்றம் ஏதும் கிடையாது.

நான் அங்கே முக்கால் மணி நேரத்துக்குமேல் நின்றுவிட்டேன். இதற்கிடையில் மதியம் காற்று திசை மாறும் என்று தகவல் வந்து புறப்பாட்டை முன்கூட்டி ஒன்பதே முக்காலுக்கு மாற்றிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது தண்ணீர்ப் பீப்பாய்கள் ஏற்றிக் கதவு மூடி இரண்டு எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தன. நான் ஓடிப் போவதற்குள் விமானம் ஓடுபாதைக்குச் சென்றுவிட்டது.

கேப்டன் இசாயா ரோமோவும் புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிப் பார்த்திருப்பார். அவர் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. கூடு துளையின் வாயில் இல்லை, ஒரு விரற்கடை உள்ளே இருந்தது. பிறகு நடந்ததை ஹாங்கர் வாசலிலிருந்து பார்த்தேன். விமானம் நேராக ஓடியது. பாதி தூரத்துக்குமேல் போன பிறகு எஞ்சின் சத்தம் இறங்கியது. உள்ளே நடந்தது பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: துணை விமானியின் முள் எண்பது காட்டுகிறது, கேப்டனின் முள் பூஜ்யத்தில் நிற்கிறது, எதை நம்புவது என்று தெரியாமல் மூன்று வினாடி போயிருக்கிறது. அந்த ஓடுபாதையில் மூன்று வினாடி பெரிய தூரம். பிரேக் பிடித்தும் நிற்காமல் முனையைத் தாண்டி, முன்சக்கரம் ஒடிந்து, காயலின் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. பீப்பாய் ஒன்று கட்டறுந்து முன்னால் வந்து கேப்டனின் இருக்கையில் மோதியது. அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. மற்ற இரண்டு பேருக்குச் சிறு காயம். வடக்குத் தீவுக்குத் தண்ணீர் இரண்டு நாள் கழித்துப் படகில் போய்ச் சேர்ந்தது.

அன்றே குழாயை அறுத்துப் பார்த்துச் செம்மண்ணை எடுத்தார்கள். தாளில் குழாய் சுத்தம் என்று லோமா தவேராவின் கையெழுத்து இருந்தது. அவரை அன்று மாலையே காவலில் வைத்தார்கள். மறுநாள் என்னை விசாரித்தபோது நான் கழுவுற மீனில் நழுவுற மீனாகப் பதில் சொன்னேன். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள், ஸ்டோருக்குப் போயிருந்தேன் என்றேன். தாளில் கையெழுத்து யாருடையது என்று கேட்டார்கள், கார்ப்பரலுடையது என்றேன். இரண்டும் உண்மை. நாலாம் நாள் நிறுவனம் என்னை விடுப்பு என்ற பெயரில் ஊருக்கு அனுப்பிவிட்டது.

என் மகளுக்கு ரத்தப்போக்கு அன்று மதியமே நின்றுவிட்டது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது எட்டாம் மாதம் நடக்கிறது. என் வீட்டில்தான் இருக்கிறாள்.

மே மாதத்தில் புருஷோத்தமன் அங்கிருந்து போன் செய்தார். லோமா தவேரா விசாரணையில் குளவி விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்றும், முப்பது வருஷ அனுபவம் உள்ள ஒரு மெக்கானிக் இப்படிச் செய்திருப்பான் என்று யாரும் நம்பவில்லை என்றும், தப்பிப்பதற்காக ஒரு வெளிநாட்டுக்காரன்மேல் கட்டுக்கதை கட்டுகிறான் என்று அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துவிட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு, “அண்ணே, பேப்பர்ல இன்னா கீதோ அதச் சொல்லு, போதும். நீயா வாய வுட்டு மாட்டிக்காத” என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். செப்டம்பர் 2-ஆம் தேதி தீர்ப்பு. குற்றம் உறுதியானால் லோமா தவேராவுக்கு எட்டு ஆண்டு என்றும் சொன்னார்.

கடிதம் வந்த பிறகு என் மனைவி, குழந்தை பிறக்கட்டும், அதற்குப் பிறகு எதையும் சொல்லிக்கொள் என்றாள். குழந்தை செப்டம்பர் கடைசியில்தான் பிறக்கும். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மாதம் என்று தள்ளிப்போடுவதில் நான் கைதேர்ந்தவன். ஸ்டேஷனிலிருந்து ஏன் கூப்பிடுகிறார்கள் என்று இன்று காலை என் மகள் கேட்டதால் அவளிடம் முழுவதையும் சொன்னேன். அவளுக்கு அதுவரை எதுவும் தெரியாது. பிறகு, “அந்தாளுக்குப் புள்ளைங்க இருக்குதா நைனா?” என்று கேட்டாள். மூன்று என்றேன். “அப்ப போய்ட்டு வா” என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தே வந்துவிட்டேன்.

ஏழு கேள்விகளில் முதல் நான்குக்கும் மேலே சொன்னதிலேயே பதில் இருக்கிறது. ஐந்தாவது கேள்வி, கார்ப்பரல் சொல்வதுபோல் ஒரு பழக்கம் உங்கள் பகுதியில் உண்மையிலேயே உண்டா, படித்த தொழில்நுட்ப ஆட்கள் அதைப் பின்பற்றுவார்களா என்பது. உண்டு. பின்பற்றினேன். படிப்பு ஒரு பக்கம் இருக்கும், இது ஒரு பக்கம் இருக்கும், இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. இதைப் படிக்கும் அதிகாரிகள் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்துவிட்டாவது நம்பட்டும்.

இதற்குச் சாட்சி வேண்டும் என்றால் இந்த நிலையத்தின் கணினி அறை ஜன்னலின் மேல் மூலையில் ஒரு குளவிக்கூடு இருக்கிறது என்று நான் சுட்டிக்காட்டினேன். துணை ஆய்வாளர் பார்த்துவிட்டு, அதை யாரும் வைக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் இல்லை, பெண் காவலர் நதியாவுக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆனது என்று சொன்னார். கூட்டுகிறவர்கள் அதற்குக் கீழே வரைக்கும்தான் ஒட்டடை அடித்திருக்கிறார்கள். என் வேண்டுகோளின் பேரில் அதைப் புகைப்படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறார்கள்.

ஆறாவது கேள்வி, குழாயை மாற்றும் வேலையை யார் செய்வதாக இருந்தது என்பது. நான். ஏழாவது கேள்வி, கார்ப்பரல் தவேராவைக் கையெழுத்துப் போடச் சொன்னது யார் என்பது. நான். அவர் தானாகப் போடவில்லை.

இத்துடன் வாக்குமூலம் முடிந்தது என்று நான் சொல்ல, துணை ஆய்வாளர் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். விமானத்தை நோக்கி ஓடியதாக நான் சொன்ன இடம் வந்தபோது நிறுத்தி, “எவ்ளோ தூரம் ஓடனீங்க? மீட்டர் கணக்கு இருந்தா போட்டுடலாம்” என்று கேட்டார். அவர் கணக்குக்காகத்தான் கேட்டார். எனக்கு வாயில் ஒரு எண் வந்தது. அதைச் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அந்த வரியை அடித்துவிட்டுக் கீழ்க்கண்டதை எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்.

நான் ஓடவில்லை. மாற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஹாங்கர் வாசலில் நின்றேன். விமானம் அப்போது கிளம்பவில்லை. அறுபது எழுபது அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. லோமா தவேரா அதன் முன்னால் நின்று சக்கரக் கட்டைகளை எடுத்துவிட்டு, கேப்டனுக்குப் போகலாம் என்று சைகை காட்டுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினார். இடதுபக்கக் குழாயைக் கையால் சுட்டிக்காட்டிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். ஆகிவிட்டதா என்று கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. நான் இல்லை என்று தலையை அசைத்திருந்தால் எஞ்சினை நிறுத்தச் சொல்லியிருப்பார். நிறுத்தினால் அவசரத்தில் நாற்பது நிமிடம் கொடுக்க மாட்டார்கள், ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் என் மகள் பதினோராவது வளைவிலோ பன்னிரண்டாவது வளைவிலோ ஜீப்பில் படுத்திருந்தாள். வலது குழாய் சரியாக இருக்கிறது, ஒரு முள் போனாலும் இன்னொன்று காட்டும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு நானும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

கடிதத்தில் இதைப் பற்றிக் கேள்வி இல்லை. ஏழு கேள்விகளையும் நான் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் ஆறு மாதமாகக் காவலில் இருந்தும் லோமா தவேரா இதை அவர்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது.

இதில் உள்ளவை எல்லாம் யாரும் தூண்டாமலும் மிரட்டாமலும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. திருத்தத்தோடு சேர்த்து மறுபடியும் படித்துக் காட்டக் கேட்டேன். முதலில் சொன்னதில் ஒரு வரி பொய், அது அடிக்கப்பட்டுவிட்டது. மீதி அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) சே. அருணகிரி

என் முன்பாக,
(ஒப்பம்) சிவசங்கரி, காவல் துணை ஆய்வாளர், ஜமுனாமரத்தூர்.
நேரம்: பிற்பகல் 2.15. இணைப்பு: புகைப்படம் ஒன்று.